குளிப்பாட்டிய குட்டி

ராசா, நேற்று போனில் நீ சொன்னதற்கெல்லாம் நான் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தேன் அல்லவா, அதில் ஒரு சரியும் சரி இல்லை. அந்த நேரத்துக்கு எனக்கு வாய் அடைத்துப்போயிற்று. போடி கடைத்தெருவில் மளிகைக்கடைக்காரர் மகளாகப் பிறந்து, வாய்க்காகவே பேர் வாங்கினவள் நான். எனக்கே பேச்சு வரவில்லை என்றால் நீ சொன்னது எப்படிப்பட்ட சொல் என்று கொஞ்சம் யோசித்துப் பார். கல்யாணத்தைப் பெங்களூரிலேயே சின்ன மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றாய். அது உன் இஷ்டம், பெண் வீட்டாரின் வசதி. அப்பாவை அவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டாம் என்றாய். அதுவும் நியாயம் போலத்தான் காதில் விழுந்தது. அப்புறம் மெதுவாக ஒன்று சொன்னாய் பார்: "பாதபூஜைக்கு ஒம் பக்கத்துல சித்தப்பாவ உக்கார வச்சுக்கலாம்மா. அப்பாவுக்குத்தான் எதுவும் தெரியப்போறதில்லையே." பாதபூஜை என்றால் என்ன, தாலி கட்டப்போகும் பிள்ளை, பெற்றவர்கள் காலைக் கழுவிப் பொட்டு வைத்துக் கும்பிடுவது. பெற்றவர் உயிரோடு உத்தமபாளையத்துப் பக்கம் வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்க, நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு என் கொழுந்தனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டுமா? நெஞ்சு பொறுக்கவில்லை சாமி. போனில் பேசினால் நீ "அம்மா, ஒரு மீட்டிங்" என்பாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படி.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம் ஒரு கூத்து நடந்தது. உனக்குச் சொல்லியிருக்கிறேன், ஆனால் சிரிப்பாகச் சொல்லியிருக்கிறேன். உன் அப்பாவின் பட்டியில் அப்போது ஒரு கறுப்பு வெள்ளாடு நிறை சினையாக இருந்தது. அவர் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன நேரத்தில் அது குட்டி போட்டுவிட்டது. எனக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும்? கடையில் துவரம்பருப்பைப் பற்றிக் கேட்டால் சொல்வேன். குட்டி கொழகொழவென்று ஈரமும் சவ்வுமாக மண்ணில் கிடந்து நடுங்குவதைப் பார்த்ததும் ஐயோ பாவமென்று ஓடினேன். தாய் அதை நக்க வாயைக் கொண்டுவந்தது, நான் முந்திக்கொண்டேன். அள்ளிக்கொண்டுபோய் வெதுவெதுப்பான தண்ணீரில், நான் முகம் கழுவுகிற சோப்பைப் போட்டுக் குளிப்பாட்டி, துண்டால் துவட்டி, பவுடர்கூடப் போட்டேன். கொண்டுவந்து தாயிடம் விட்டால் அது மோந்து பார்த்தது, ஒரே முட்டு. குட்டி உருண்டு போய் விழுந்தது. மறுபடி விட்டேன், மறுபடி முட்டு. உன் அப்பா வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அடி கிறுக்கி! பெத்தவளுக்கே பிள்ளைய அடையாளம் தெரியாம ஆக்கிட்டியேடி!" என்றார். தாய் நக்கட்டுமென்று உப்பைத் தடவிப் பார்த்தார், நஞ்சுக்கொடி விழுந்ததை எடுத்துக் குட்டி முதுகில் பூசிப் பார்த்தார், ஒன்றும் எடுபடவில்லை. அந்தக் குட்டியைப் புட்டிப்பாலில் நான்தான் வளர்த்தேன். அது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வரும். ஆனால் எனக்கு இன்றைக்கும் மறக்காதது அதில்லை. அன்று சாயங்காலம் முழுக்க அந்தத் தாயாடு குட்டியைத் தேடிக் கத்திக்கொண்டே இருந்தது. குட்டி அதன் காலடியிலேயே நிற்கிறது. அதைத் தாண்டித் தாண்டி வாசலைப் பார்த்துக் கத்துகிறது.

நீ பெங்களூருக்குப் போய் எலியை வைத்துப் படிக்கிறாய் என்றதும் உன் அப்பா அடித்த கேலி ஞாபகம் இருக்கிறதா? "ஏலே, எலியப் பிடிக்கவா இம்புட்டுப் படிப்பு? நம்ம வீட்டுப் பூனை படிக்காமயே பிடிக்குது." நீயும் விட்டுக்கொடுக்காமல், முற்றத்தில் சிந்தின தண்ணீரில் விரலால் மூளையை வரைந்து காட்டினாய். ஒரு எலிக்கு இன்னொரு எலியை யார் என்று தெரிவது எப்படி என்பதுதான் உன் வேலை என்றாய். புது எலியை விட்டால் ரொம்ப நேரம் மோந்து பார்க்கும், பழகின எலி என்றால் ஒரு மோப்பத்தோடு விட்டுவிடும். காதுக்கு உள்பக்கம் ஹிப்போகாம்பஸ் என்று வளைந்த ஒரு பகுதி, அதற்குள் ஒரு சின்னத் துண்டு, அதை மட்டும் ஓய்த்துவிட்டால், கூடவே வளர்ந்த எலியையும் முதல்முறை பார்ப்பதுபோல மோந்துகொண்டே இருக்கும் என்றாய். மற்றபடி அது தின்னும், ஓடும், வழி தெரியும், வாசனை தெரியும். யார் என்பது மட்டும் தெரியாது. அப்போது உன் அப்பா குளிப்பாட்டின குட்டிக் கதையை எடுத்துவிட்டு என் மானத்தை வாங்கினார். நீ துள்ளிக் குதித்தாய். குட்டி வெளியே வரும்போதே தாயின் மூளையில் ஆக்ஸிடோசின் சுரக்கிறது, மாட்டுக்குப் பால் இறங்கப் போடுகிறார்களே அந்த ஊசியில் இருப்பதுதான். அந்தக் கொஞ்ச நேரம் வாசனையை வாங்குகிற பகுதி கதவைத் திறந்து வைத்திருக்கும், அப்போது உள்ளே போகிற வாசனைதான் பிள்ளை, அப்புறம் கதவைச் சாத்திக்கொள்ளும் என்றாய். "அப்ப ஒங்க ஆத்தா கதவு சாத்துற நேரத்துல சோப்பப் போட்டுட்டா" என்று அவர் சிரித்தார். நீங்கள் இருவரும் அப்படிச் சேர்ந்து சிரித்துப் பிறகு நான் பார்க்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது.

சாதாரணக் காய்ச்சல் என்று உத்தமபாளையத்தில் ஊசி போட்டோம். மறுநாள் வாய் குழறி, கை வெட்டி இழுத்தது. மதுரைக்குக் கொண்டுபோனோம். மூளைக்காய்ச்சல் என்றார்கள். பிழைத்துக்கொண்டார், தெய்வத்துக்குப் புண்ணியமாகப் போகட்டும். டாக்டர் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்து இரண்டு காதுக்கும் உள்பக்கத்தில் வெள்ளையாகத் தெரிவதைக் காட்டினார். நீ அதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். எனக்குச் சொல்ல வேண்டியதே இல்லை, ராசா. முற்றத்துத் தண்ணீரில் நீ விரலை வைத்துக் காட்டின இடம் அது என்று எனக்கும் தெரிந்தது.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தால் எல்லாம் தெரிகிறது. கைலி கட்டத் தெரிகிறது, ஆட்டுக்கு முடிச்சுப் போடத் தெரிகிறது, மேகமலைப் பக்கம் கருத்தால் மழை வருமென்று சொல்லத் தெரிகிறது. கல்யாணமானது தெரியும், ஒரு மகன் இருப்பது தெரியும். அந்த மகன் ஆறாவது படிக்கிறான், பள்ளிக்கூடம் போயிருக்கிறான். பொண்டாட்டி போடிக்குப் போயிருக்கிறாள். எதிரே நிற்கிற என்னைத்தான் தெரியவில்லை. முகத்தைப் பார்க்கிறார், குரலைக் கேட்கிறார், ஒன்றும் பிடிபடவில்லை. முதல் வாரம் நான் சாப்பாடு போட்டபோது சங்கடப்பட்டு, "ஆத்தா, நீங்க இம்புட்டு நேரம் இங்கனயே இருக்கீகளே, ஒங்கள வீட்டுல தேட மாட்டாகளா?" என்று கேட்டார். என்னை! இந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டு, இவர் கோபத்தையும் குசும்பையும் தாங்கி, இவர் துண்டு வாசம் எனக்கே வாசமாகிப்போனவளை, வீட்டில் தேட மாட்டார்களா என்று கேட்கிறார். நான் கொல்லைப்பக்கம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் பின்னாலேயே வந்து எட்டி நின்று, "நான் ஏதும் தப்பாக் கேட்டுட்டேனா?" என்று பதறினார்.

வெயில் சாய்ந்தால் வாசலில் போய் நிற்பார். "எம் பொண்டாட்டி இன்னும் வரக் காணோம். நான் ஏதாச்சும் வஞ்சிருப்பேன். கோவம் வந்தா போடிக்குப் பஸ் ஏறிருவா அவ. நீங்க அந்தப் பக்கம் போனா ஒரு வார்த்தை சொல்லுங்க, கோவம் வேணாம், வரச் சொல்லுங்க" என்பார். நான் பக்கத்திலேயே நிற்கிறேன். முதலில் "நாந்தாங்க அது" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணில் வருகிற பயத்தைப் பார்க்க முடியவில்லை. இப்போது "சொல்றேங்க, நாளைக்கு வந்துருவாக" என்கிறேன். அந்தக் கறுப்பு ஆட்டின் கத்தல்தான் காதில் விழுகிறது.

இப்போது பொங்கலுக்கு நீ வந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குப் பிடிக்காது, இருந்தாலும் கேள். நீ நம்பிக்கையோடு வந்தாய். பழைய போட்டோவெல்லாம் கொண்டுவந்தாய். அவரை அந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, முன்னால் முழங்கால் போட்டு, "நான் யாருப்பா? சொல்லுங்க. நல்லாப் பாருங்க" என்றாய். அவர் மரியாதையாக, "தம்பி, தெரியலையே" என்றார். ஒரு போட்டோவைக் காட்டி மறுபடி கேட்டாய். குரலை மாற்றிக் கேட்டாய். உன் சின்ன வயசுப் பாட்டைப் பாடிக் கேட்டாய். "நாந்தாம்ப்பா ஒங்க மகன்!" என்று தோளைப் பிடித்து உலுக்கினாய். "எம் பயலுக்கு ஏது தம்பி தாடி? அவன் பள்ளிக்கூடம் போயிருக்கான்" என்று சொல்லும்போதே அவர் உதடு நடுங்கியது. நான் "விடுடா" என்றேன், நீ விடவில்லை. கடைசியில் அவர் கைலி நனைந்துவிட்டது. அவமானத்தில் சின்னப்பிள்ளை மாதிரி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நீயும் அழுதாய். பொங்கல் பானையை இறக்கும் முன்னமே பையைத் தூக்கிக்கொண்டு தேனி பஸ்ஸில் ஏறிவிட்டாய். அதற்கப்புறம் வரவே இல்லை. நான் உன்னைக் குறை சொல்லவில்லை. பெற்ற அப்பன் தெரியவில்லை என்று சொன்னால் எந்தப் பிள்ளை நிதானமாக இருப்பான்?

ஆனால் நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நீ வந்ததை அவர் அன்றைக்கே மறந்துவிட்டார். யாரோ வந்தார்கள் என்பதுகூட இல்லை. ஆனால் அந்த நீல நாற்காலியில் அவர் அப்புறம் உட்காரவே இல்லை. இழுத்துப் போட்டால் எழுந்து தள்ளிப் போகிறார். ஏன் என்று கேட்டேன். "தெரியல ஆத்தா, அதுல உக்காந்தா நெஞ்சு படபடங்குது" என்றார். நான் உன்னிடம் போனில் இதை வேறு மாதிரிக் கேட்டேன், உனக்கு ஞாபகம் இருக்கும். ஆளை மறந்த எலிக்குப் பட்ட பயமும் மறந்துவிடுமா என்றேன். நீ வேலை அவசரத்தில், "இல்லம்மா, பயத்தை வைக்கிற இடம் வேற. அமிக்டலான்னு பாதாம்பருப்பு மாதிரி ஒண்ணு. யாரு, எங்கன்னு மறந்தாலும், பட்டது கொஞ்சம் தங்கும்" என்றாய். அப்பாவுக்கு அதிலும் கொஞ்சம் மிச்சமிருக்கலாம், சொல்ல முடியாது என்றாய். நான் அந்த நாற்காலியை எடுத்துப் பட்டிக்குள் போட்டேன்.

அதைக் கேட்ட அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. பட்ட பயம் தங்கும் என்றால் பட்ட பிரியம் மட்டும் எங்கே போகும்? உன் சித்தப்பா சாப்பாடு கொடுத்தால் உன் அப்பா வாங்குவதில்லை. பேரைச் சொல்லி, உறவைச் சொல்லி, கெஞ்சிக்கூடப் பார்த்துவிட்டார். நான் நீட்டினால் வாங்கிக்கொள்கிறார். நான் யார் என்று தெரியாமலே வாங்கிக்கொள்கிறார். நான் ரேஷன் கடைக்குப் போய்வர நேரமாகிவிட்டால் வாசலுக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டே இருக்கிறாராம். போன வாரம் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க யாருன்னு எனக்குப் பிடிபடல. ஆனா நீங்க இருந்தா தைரியமா இருக்கு" என்றார். நான் இளமையில் இந்த மனுஷன் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வராதா என்று காத்துக் கிடந்திருக்கிறேன். "குழம்பு பரவால்ல" என்றாலே எனக்கு அது பெரிய பட்டம். கடைசியில் அந்த வார்த்தை வந்தது, யாரோ ஒருத்திக்கு வருவதுபோல வந்தது. வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

நீ படித்தவன், இதற்கெல்லாம் ஆதாரம் போதாது என்பாய். அந்தப் பகுதி செத்துப்போச்சும்மா, திரும்பி வராது என்பாய். தெரியும்டா. நான் ஒன்றும் அதிசயத்துக்குக் காத்திருக்கவில்லை. நீ வந்து நின்றால் அவருக்கு உன்னைத் தெரிந்துவிடும் என்று பொய் சொல்லி உன்னைக் கூப்பிடவும் இல்லை. தெரியாது. பாதபூஜையில் நீ தண்ணீர் ஊற்றும்போது அவர் கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்வார், "தம்பி, எதுக்கு, வேணாம்" என்பார். நாலு பேர் பார்ப்பார்கள். உன் பெண் வீட்டார் காதோடு காதாகப் பேசுவார்கள். உனக்கு உயிர் போகிற மாதிரி இருக்கும். அவரை அலைக்கழிக்க வேண்டாம் என்று நீ சொல்வது அவருக்காக இல்லை ராசா, உனக்காக. அவர் கண்ணில் நீ வேற்றாளாக நிற்பதை உன்னால் தாங்க முடியவில்லை. அதைச் சொல்லு, நான் ஒத்துக்கொள்கிறேன். நான் தினமும் நிற்கிறேன் அங்கே, எனக்குத் தெரியாதா அந்த வலி? ஆனால் உன் வலியை அவர் தலையில் போட்டு, அவருக்குத் தெரியாது என்று கதவைச் சாத்தாதே.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாலு நாள் வந்து இரு. அவ்வளவுதான் கேட்கிறேன். வந்து, நான் யார் என்று கேட்காதே. போட்டோ வேண்டாம், பாட்டு வேண்டாம். உன் எலியை வைத்துப் பார்க்கிற மாதிரி இவரைப் பார்க்காதே. பட்டியில் ஒரே ஒரு ஆட்டை மட்டும் விற்காமல் வைத்திருக்கிறேன், அதற்குக் குழை ஒடித்துப் போட அவர் போகும்போது நீயும் கூடப் போ. "தம்பி எந்த ஊரு?" என்று கேட்பார், பக்கத்தில்தான் என்று சொல்லு. டீ வாங்கிக் கொடு. மறுநாள் மறுபடி "எந்த ஊரு?" என்பார், மறுபடி சொல்லு. நீ யார் என்பது தங்காது. நீ பக்கத்தில் இருந்த நாலு நாளில் மனசுக்கு இதமாக இருந்தது தங்கலாம். தங்காமலும் போகலாம். தங்கினால், மண்டபத்தில் உன்னைப் பார்த்துக் காலை இழுத்துக்கொள்ள மாட்டார். அதுக்குமேல் நான் எதையும் கேட்கவில்லை.

இன்று காலை நான் அவரிடம் உன் போட்டோவைக் காட்டினேன். நீயும் அந்தப் பெண்ணும் சேர்ந்து எடுத்து எனக்கு அனுப்பினாயே, அது. போனைத் தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஜோடி நல்லாருக்கு. யாரு பெத்த பிள்ளையோ, நல்லா இருக்கட்டும்" என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "ஒங்க பயலா ஆத்தா?" என்றார். ஆமாம் என்றேன். கல்யாணம் வைத்திருக்கிறோம் என்றேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "சந்தோசம், சந்தோசம். பயலோட அப்பா என்ன பண்றாக?" என்றார்.

ஆடு வச்சிருந்தாக என்றேன். "அட, நம்மாளு!" என்றார். போனை என் கையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "கல்யாணத்துக்கு அவுக வந்துருவாகல்ல? அப்பன் பக்கத்துல இல்லாட்டிப் பய தவிச்சுப்போவானே" என்று கேட்டார்.

நான் இன்னும் பதில் சொல்லவில்லை. நாளைக்குப் போட்டோவைக் காட்டினாலும் இதையேதான் கேட்பார். என்ன சொல்லட்டும், ராசா?